ஸ்கார்பரோவுக்கு ருஷ்யா வந்த மத்தியானம்

தெற்குக் குன்று, ஸ்கார்பரோ,
1926 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு, மருமகன் ஹம்ஃப்ரி ஹால்டன்பி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகள் மில்லியும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலியும் தங்கள் நாயின் முழங்கால் வலியும் செல்ட்டன்ஹாம் ஊற்றுத் தண்ணீரில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய ஆரஞ்சு ஜாம் வந்து சேர்ந்தது. ஜாடி உடைந்திருந்தது. ஆனாலும் மணமாக இருந்தது.

தாங்கள் செவ்வாய்க்கிழமை எழுதிய கடிதமும் வந்தது. அது உடையாமல் வந்தது. தங்கள் மகள் ஊரறிய மேடையேறிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அழுதாளாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்ற கௌரவமான மனிதர் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாராமே என்று கேட்டிருக்கிறீர்கள். மில்லியின் நெஞ்சுச் சளிக்குக் கடல்காற்று நல்லது என்று தாங்களே அலைந்து பார்த்துப் பிடித்துக்கொடுத்த இந்த வீட்டை விற்கப்போகிறோமாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஆமாம். ஆனால் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்பினால் தாங்கள் அடுத்த ரயிலிலேயே ஏறி வந்துவிடுவீர்கள் என்று மில்லி சொல்கிறாள். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். முப்பது வருஷம் பல் பிடுங்கியவன் நான்; வேரைப் பார்க்காமல் எந்த வலியைப் பற்றியும் எனக்குப் பேசத் தெரியாது.

வேர் என்று பார்த்தால் அது நூலகத்தில் இருக்கிறது. போர் முடிந்ததிலிருந்து இந்த ஊரில் ருஷ்ய நாவலைத் தவிர எதையும் படிப்பது மட்டம் என்று ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். மில்லி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள், குளிர்காலம் முழுக்க அது முடியவில்லை. கணப்புக்கு அந்தப் பக்கம் அவள் படிப்பாள், இந்தப் பக்கம் நான் செய்தித்தாள் படிப்பேன். திடீரென்று ஒரு பெருமூச்சு வரும். "என்ன மில்லி, வாயுவா?" என்பேன். "இல்ல ஹம்ஃப்ரி, அந்த நிலச்சுவான்தார் தன் வண்டிக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டார்" என்பாள். "என்ன பண்ணினாராம்?" "ஒண்ணும் பண்ணல. சும்மா, மனசு கேக்கல." அத்தை, நாம் யாராவது காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்போம். அவன் நம் காலை மிதித்தாலும் நாம்தான் கேட்போம். மனசு கேட்கவில்லை என்பதற்காக மன்னிப்புக் கேட்ட ஆளை இந்தத் தேசத்தில் நான் கண்டதில்லை. அதுவும் போக, அந்தப் புத்தகங்களில் ஒரே ஆளுக்கு ஐந்து பெயர். நம் பாதிரியார் விம்ப்பெர்லி ஒரு நாவலில் பாதிக்கு மேல் படிக்கும்வரை, அண்ணனும் தம்பியும் ஒரே பெண்ணைக் காதலிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளாம். "அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கக் கூடாதேன்னு நான் ஜெபம் வேற பண்ணினேன், ஹால்டன்பி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இது வீட்டோடு நின்றிருந்தால் தங்களுக்கு எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எங்கள் குன்றில் ஒரு நாடக சபை இருப்பது தங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு நாடகம். தொப்பிக் கடை பட்டர்ஃபீல்ட் அலமாரிக்குள் ஒளிந்துகொள்வார், வெளியே வருவார், கால்சட்டை நழுவும், திரை விழும். வருஷா வருஷம் பெயர்தான் மாறும், கால்சட்டை மாறாது. ஊரே அதைப் பார்க்கத்தான் வரும், நானும் அதற்குத்தான் போவேன். இந்த வருஷம் பெண்கள் பள்ளியில் பியானோ சொல்லித்தரும் மிஸ் ஆலிவ் ஸ்டான்ஸ்ஃபீல்ட் சபைக்குச் செயலாளராகிவிட்டார். தேர்தல் அன்று மழை, வேறு யாரும் போகவில்லை. அந்தப் பெண் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் போய், ஆற்றுக்கு அப்பால் ஏதோ ஒரு சின்னக் கொட்டகையில் ருஷ்ய நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, வேறு ஒரு முகத்தோடு திரும்பி வந்தார். எப்படிப்பட்ட முகம் என்று கேட்டால், பல்லைப் பிடுங்கி எடுத்து வலி சட்டென்று நிற்கிற நொடியில் நோயாளிக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம்.

கமிட்டிக் கூட்டத்தில் கர்னல் தோர்ப் தலைமை. "கதை என்னம்மா?" என்றார்.

"ஆத்தங்கரையில ஒரு வீடு, கர்னல். ஆறு உறைஞ்சு கிடக்கு. பனி உருகினதும் படகேறி இந்த இடத்தை விட்டே போயிடணும்னு குடும்பத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க."

"சரி."

"பனி உருகுது."

"ம்."

"யாரும் போகல."

கர்னல் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"யாரு கொலை பண்ணினது?"

"கொலையே இல்ல, கர்னல்."

"கொலை இல்லாம எதுக்கு நாலு அங்கம்?"

ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. போன வருஷம் பட்டர்ஃபீல்ட் உள்ளே இருக்கும்போதே அலமாரி உடைந்து போய்விட்டது. ருஷ்ய நாடகத்தில் அலமாரி கிடையாது. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இடைவேளைக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மில்லியை மிஸ் ஸ்டான்ஸ்ஃபீல்ட் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நீங்கதான் ஸினயீதா மத்வேயெவ்னா" என்று சொல்லிவிட்டார். வீட்டு எஜமானி வேஷம். மில்லி திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். எனக்கு யெவ்சேய் மாமா வேஷம். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க வேண்டும், ஒவ்வொரு அங்கத்திலும் ஒரே ஒருமுறை தலையைத் தூக்கி, "டீ ஆறிப்போச்சு" என்று சொல்ல வேண்டும். அவரவருக்கு அவரவர் வசனம் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது ரயில் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டு. ஒத்திகையில் நான் மூலையில் உட்கார்ந்து நிஜமாகவே செய்தித்தாள் படித்தேன், கிரிக்கெட் பக்கம் வரை. மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஒத்திகை பட்ட பாட்டைக் கேட்டால் தாங்கள் சிரிப்பீர்கள், அன்றைக்கு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ருஷ்யர்கள் டீ போடும் பெரிய பித்தளைப் பாத்திரம் இங்கே எங்கே கிடைக்கும்? தேவாலயத்து டீ அண்டாவையே கொண்டுவந்து வைத்தோம். அதன் வயிற்றில் 'அன்னையர் சங்கம்' என்று எழுதியிருந்தது, அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தோம். பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நுழைந்தால் வெளியே வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மௌனம்தான். பக்கத்துக்குப் பக்கம் 'மௌனம்' என்று போட்டிருந்தது. கர்னல் அதில் டாக்டராக வருகிறார், அவருக்கு மௌனமாக இருக்கத் தெரியவில்லை. யாராவது, "என் வாழ்க்கை வீணாப் போச்சு, டாக்டர்" என்றால், இரண்டு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆனா வானம் கொஞ்சம் வெளுத்திருக்கு பாருங்க" என்று தானாகச் சேர்த்துக்கொள்வார். "கர்னல், அங்க மௌனம்" என்பார் மிஸ் ஸ்டான்ஸ்ஃபீல்ட். "அம்மா, ஒரு பொம்பளை அழும்போது நான் பேசாம நின்னா ஜனங்க என்னை என்ன நினைப்பாங்க?" என்பார் கர்னல்.

பட்டர்ஃபீல்டுக்குத் தோட்டக் கணக்குப்பிள்ளை வேஷம். இரண்டாம் அங்கத்தில் முன்னால் வந்து, "எனக்கு நாற்பத்தேழு வயசாச்சு. இதுவரைக்கும் என்னை யாரும் நேசிச்சதில்ல" என்று சொல்ல வேண்டும். திரைக்குப் பக்கத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பவர் அவருடைய மனைவி. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "அப்ப நான் யாராம்?"

"அடியே, அது வசனம்டி!"

"வசனம்னு எனக்கும் தெரியும். அதுக்காக இவ்வளவு சுலபமா வரணுமா? கொஞ்சம் தடுமாறிச் சொன்னா என்ன?"

போன மாதம் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானக் காட்சி. நல்ல மழை, கடல் வேறு கரைச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கொட்டகை நிரம்பி வழிந்தது, ஏனென்றால் விளம்பரத்தில் 'ருஷ்ய' என்ற வார்த்தை சின்னதாகவும் 'பட்டர்ஃபீல்ட்' என்ற வார்த்தை பெரிதாகவும் அச்சாகியிருந்தது. ஈரக் கோட்டும் மிட்டாய்ப் பொட்டலமுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. திரை தூக்கினதும் சிரிப்பு. அண்டாவைப் பார்த்துச் சிரிப்பு, என் தாடியைப் பார்த்துச் சிரிப்பு. நான் "டீ ஆறிப்போச்சு" என்றேன், அதற்குக் கைதட்டல். மில்லி வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. எனக்கே ஒரு நொடி தெரியவில்லை அத்தை. நடை வேறாக இருந்தது. வாசலில் காலெடுத்து வைத்தவிதம், பல வருஷம் அந்த வீட்டில் துக்கப்பட்ட ஒருத்தி வைப்பதைப்போல இருந்தது.

இரண்டாம் அங்கத்தில் பட்டர்ஃபீல்ட் வந்தார். வந்து நின்றதுமே கொட்டகை குலுங்கியது. அவர் முன்னால் நடந்து வந்து, "எனக்கு நாற்பத்தேழு வயசாச்சு" என்றார். ஓவென்று சிரிப்பு. "இதுவரைக்கும் என்னை யாரும் நேசிச்சதில்ல." அதைவிடப் பெரிய சிரிப்பு, பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியிலிருந்தே விழுந்துவிட்டான். எல்லாரும் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது நழுவும், இப்போது நழுவும் என்று. அது நழுவவில்லை. பட்டர்ஃபீல்ட் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார். ஒன்றும் செய்யவில்லை. ஜனங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு முதலில் இடப்பக்கம் நின்றது, அப்புறம் நடுவில். கடைசியில் பால்கனியில் ஒரே ஒரு பெண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்து, தான் தனியாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டது மழைச் சத்தம் மட்டும்தான். இருபது வருஷமாக அந்த மனிதரைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம் அத்தை. அவருக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து 'அப்ப நான் யாராம்' என்று குரல் வருமோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். மிஸஸ் பட்டர்ஃபீல்ட் வசனத் தாளால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் அங்கம் கர்னலுடையது என்று சொல்ல வேண்டும். யாரோ அழுதார்கள், அவர் பேசவில்லை. வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மீசை மட்டும் நடுங்கியது.

இனி நாலாம் அங்கம். தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. மேடையில் நானும் மில்லியும் மட்டும். நான் மூலையில் செய்தித்தாளோடு. அவள் அண்டாவிலிருந்து டீ பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். கோப்பை தட்டில் நடுங்கும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கிறது. வசனம் மறந்துவிட்டது போலிருக்கிறதே, பாவம், என்று நான் தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹம்ஃப்ரி" என்றாள்.

யெவ்சேய் மாமா என்று சொல்லவில்லை. ஹம்ஃப்ரி என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜனங்கள் அசையவில்லை. ஏற்கெனவே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் கேட்டுப் பழகியிருந்தார்கள், இதையும் ஒரு ருஷ்யப் பெயர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"ஹம்ஃப்ரி, எனக்கு இந்த இடம் பிடிக்கவே இல்ல. வந்த நாள்லேருந்து பிடிக்கல. இந்தத் தண்ணி சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போச்சு. உங்களுக்குப் பிடிச்சிருக்கேன்னு நான் வாயத் திறக்கல. எல்லாரும் கேட்டப்பல்லாம் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொன்னேன். நான் நல்லா இல்ல."

அத்தை, நான் முப்பது வருஷமாக மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைத்தவன். யாரும் சொல்லாமல் ஒரு கொட்டகை முழுக்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வாயும் திறந்திருந்தது. அதிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"எனக்கும் பிடிக்கலையே, மில்லி!"

இது சத்தியம். எனக்கு இந்தக் கடல் பிடிக்காது. என்றைக்குமே பிடித்ததில்லை. உப்புக்காற்றில் என் கருவிகளெல்லாம் துருப்பிடித்தன, எத்தனை தொப்பி பறந்து போயிற்று என்பது பட்டர்ஃபீல்டுக்குத்தான் தெரியும், கடற்காக்கைகள் காலையில் கூரைமேல் நின்று கத்துவது நோயாளிகள் கத்துவதைவிட மோசம். ஆனால் மில்லி தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, "என்ன காத்து! என்ன காத்து!" என்பாள். இவளுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே, நாம் கெடுப்பானேன் என்று நானும், "ஆமா, பிரமாதமான காத்து" என்பேன். அது புகழ்ச்சி இல்லை, புகார் என்று எனக்கு மேடையில்தான் புரிந்தது! இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் இந்தக் கடலைச் சகித்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டியிருக்கிறோம்.

நான் அப்படிச் சொன்னதும் உள்ளே மிஸஸ் பட்டர்ஃபீல்ட் கையிலிருந்த தாளெல்லாம் தரையில் சிதறிவிட்டது. மில்லி அந்த வசனங்களைத் தானாகச் சொன்னாள் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? மில்லி கண் இமைக்காமல் என்னைப் பார்த்தாள். என் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் புருஷனிடம், "மில்லிங்கறது அவளோட செல்லப் பேரு போலிருக்கு" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. மில்லி கோப்பையைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்தாள். தோளில் கை வைத்து, "நிஜமாவா, ஹம்ஃப்ரி?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் ஜனங்களைத் திரும்பிப் பார்த்து, "பனி உருகிடுச்சு" என்றாள். திரை விழுந்தது.

கைதட்டல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. தோற்றுப்போனோம் என்று நினைத்தேன். திரை இடுக்கு வழியாகப் பார்த்தால், யாரும் எழுந்திருக்கவே இல்லை. தேவாலயத்தில்கூட அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் மீன் ஏலம் விடுகிற கிராஸ்பி, அந்த மலை மாதிரி மனிதர், கப்பல் ஊதுவதுபோல மூக்கைச் சிந்தினார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நானும் மில்லியும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம். வீட்டுக்கு வந்து டீ ஊற்றும்போது அவள் கேட்டாள், "அங்க சொன்னது, நிஜமாவே நிஜமா?" நான், "ஆமா மில்லி" என்றேன். அவள் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அப்பப் போயிடலாம், ஹம்ஃப்ரி" என்றாள். அவ்வளவு சாந்தமாக அவள் எதையும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு இந்த ஊர் ஊராக இல்லை அத்தை. திங்கட்கிழமை கறிக்கடைக்காரரை, "எப்படி இருக்கீங்க?" என்று வழக்கம்போல ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பின்னால் வரிசை தெருவரை போயிற்று, ஒருத்தர் முணுமுணுக்கவில்லை, எல்லாரும் தங்கள் முறை வரட்டும் என்று காத்திருந்தார்கள், கறி வாங்க இல்லை, பதில் சொல்ல. கர்னல் பாதிரியாரிடம் போய், "உங்க பிரசங்கத்துல நான் எப்பவும் தூங்கிடறேன்" என்று சொல்லியிருக்கிறார். பாதிரியார், "நான் தூங்காம இருக்கப் படற பாடு உங்களுக்கென்ன தெரியும்" என்றிருக்கிறார். இப்போது இரண்டு பேரும் ஒன்றாக உலாவப் போகிறார்கள். பட்டர்ஃபீல்டும் மனைவியும் கடையைப் பூட்டிவிட்டு விட்பிக்கு உல்லாசப் பயணம் போயிருக்கிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம்.

அந்த நாடகத்தை எழுதியவர் இங்கே வந்ததே இல்லை. கடலைக்கூட அவர் பார்த்திருப்பாரோ என்னவோ. பனியில் எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஸ்கார்பரோ தெற்குக் குன்றில் ஒரு பல் வைத்தியனும் அவன் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசாமல் இருக்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? நம் ஆட்களுக்கும் எழுதத் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்கள் எழுதியதைப் படித்தால் நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். இவர்கள் எழுதியதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆகவே அத்தை, தங்களுக்கு அருகிலேயே செல்ட்டன்ஹாமில் ஒரு சிறிய வீடு பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்திலும் தண்ணீர் கண்ணில் படாத வீடாக இருந்தால் மில்லிக்கு நிம்மதியாக இருக்கும். தாங்கள் பிடித்துக்கொடுத்த வீட்டை விற்பதற்காகத் தங்கள் பாதம் பணிந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரும் காலை மிதிக்கவில்லை, மனசு கேட்கவில்லை. தங்கள் முழங்கால் நூறு வருஷம் நடக்கவும், தங்கள் நாய் அதற்குப் பின்னால் ஓடவும் பிரார்த்திக்கும்,

தங்கள் பணிவான மருமகன்,
ஹம்ஃப்ரி ஹால்டன்பி

பின்குறிப்பு: அம்மாவுக்கு மில்லி எழுதுவது. தபாலில் சேர்க்கச் சொல்லி இதை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் மத்தியானத் தூக்கம் போடுகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அம்மா, அது எல்லாம் நாடகத்தில் இருக்கிற வசனம், ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. தண்ணீர் என்றது ஆற்றை. ஸினயீதா மாமாவிடம் அதைத்தான் சொல்கிறாள், மாமா அப்போது செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவே மாட்டார், அதுதான் கதை. உங்களுக்கு நெருக்கமானவரை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று மிஸ் ஸ்டான்ஸ்ஃபீல்ட் சொல்லியிருந்தார், நினைத்தேன், வாயில் இவர் பெயர் வந்துவிட்டது. மாமாவுக்கு அங்கே பதிலே கிடையாது. இவர் பதில் சொன்னதைப் பார்த்துத்தான் மிஸஸ் பட்டர்ஃபீல்ட் தாளைக் கீழே போட்டாள்.

எனக்குக் கடல் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும். ரொட்டி வாங்கப் போகிறேன் என்று தினமும் குன்றைச் சுற்றிக் கரையோரமாகவே போய் வந்தேனே, ரொட்டிக்காகவா? ஆனால் அம்மா, எதைக் கேட்டாலும் 'பிரமாதம்' என்று சொல்லும் மனுஷர், அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், தாடி தொங்க, என்னைப் பார்த்து ஒரு உண்மையைச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்து, 'ஐயோ, அது வசனம்ங்க' என்று எப்படிச் சொல்வேன்? நடிக்கும்போது அவ்வளவு பெரிய விஷயம் ஒன்று என் கையில் வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டைப் பார். ஜன்னல் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெளியே என்ன இருந்தாலும் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்.